வயிற்றெரிச்சலை அடக்கினால் மட்டும் போதுமா?



நம் பாகான் செராய்க் கடைகளில் அரிசி, சீனி, தேயிலை போலவே தவறாமல் விலைபோகிற சாமான் ஒன்று உண்டு. வயிற்றுக்காகத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புத்தூள் பொட்டலந்தான் அது. "கேஸ்டிரிக் வந்துவிட்டது, ஒரு பொட்டலம் கொடுங்கள்" என்று கேட்டு வருவோர் பல தரத்தினர். சாப்பாட்டுக் கடையில் நின்றே வேலை செய்கிறவர், லாரி ஓட்டுகிறவர், வயலுக்குப் போகிறவர், வீட்டிலிருக்கும் பெரியவர் என எல்லாரும் அதில் அடக்கம். குடித்ததும் ஏப்பம் வருகிறது, நெஞ்சு லேசாகிறது, அவரவர் வேலைக்குத் திரும்புகிறார்கள். சில நாட்கள் கழித்து மறுபடியும் பொட்டலம். வருஷங்கள் இப்படியே ஓடுகின்றன.

அந்தத் தூள் கெட்டதென்று நாம் சொல்ல வரவில்லை. அது அமிலத்தைச் சிறிது நேரம் அடக்குகிறது. அதற்கு மேல் அதற்கு வேலையில்லை. ஆனால் எரிச்சலுக்குக் காரணம் இரைப்பைக்குள் குடியிருக்கும் ஒரு கிருமியாக இருந்தால், தூள் அதனை ஒன்றும் செய்யாது. கிருமி இருந்த இடத்திலேயே இருந்து, ஓசையில்லாமல் இரைப்பையின் உட்சுவரை மாற்றிக்கொண்டே போகும். இந்த விஷயத்தை நம்மவர் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இப்பாடத்தை எழுதுகிறோம். இது டாக்டர் சொல்லும் யோசனைக்குப் பதிலாகாது. டாக்டரிடம் போக வேண்டியது ஏன் என்பதை எடுத்துச் சொல்வதே இதன் நோக்கம்.

கிருமியைக் கண்டுபிடித்த வரலாறு

இரைப்பைப் புண் என்றால் காரமும் கவலையுமே காரணம் என்று உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. பாலும் கஞ்சியும் குடியுங்கள், மனத்தை அமைதியாக வைத்துக்கொள்ளுங்கள் என்பார்கள். புண் மிஞ்சினால் இரைப்பையில் ஒரு பகுதியை வெட்டியும் எடுப்பார்கள். இவ்வளவு அமிலத்தில் எந்தக் கிருமியும் உயிர் வாழாது என்பது அன்றைய வைத்திய நூல்களின் முடிவு.

1979ம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்து அரச ஆஸ்பத்திரியில் ராபின் வாரன் என்ற டாக்டர், நோயாளிகளின் இரைப்பையிலிருந்து எடுத்த துணுக்குகளை மைக்ராஸ்கோப்பில் ஆராய்ந்து வந்தார். அப்போது வளைந்த உருவமுள்ள சின்னஞ்சிறு கிருமிகள் அவர் கண்ணில் பட்டன. கிருமி இருக்கும் இடத்திலெல்லாம் உட்சுவர் அழற்சி கண்டிருப்பதையும் அவர் கவனித்தார். 1981ல் பாரி மார்ஷல் என்ற இளம் டாக்டர் அவரோடு சேர்ந்தார். கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்க்க இருவரும் பல தடவை முயன்றும் பலிக்கவில்லை. 1982ல் ஈஸ்டர் விடுமுறை வந்ததால், வழக்கம்போல் இரண்டு நாளில் தூக்கி எறியாமல் தட்டுகளைக் கூடுதல் நாட்கள் விட்டுவிட்டார்கள். திரும்பி வந்து பார்த்தபோது கிருமி வளர்ந்திருந்தது! மெதுவாக வளரும் அந்தக் கிருமிக்கு அதுவரை போதிய அவகாசம் கிடைக்கவில்லை என்பது அப்போதுதான் விளங்கிற்று.

ஆயினும் மற்ற டாக்டர்கள் எளிதில் ஒப்பவில்லை. 1984ல் மார்ஷல் முதலில் தம் இரைப்பையைச் சோதித்து அது சுகமாக இருப்பதை உறுதி செய்துகொண்டார். பிறகு கிருமி கலந்த நீரைத் தாமே குடித்தார். சில நாட்களில் குமட்டலும் வாந்தியும் கண்டன. பத்தாம் நாள் மறுபடியும் குழாய் விட்டுப் பார்க்கையில் இரைப்பையின் உட்சுவர் அழற்சி கண்டிருந்தது. அங்கே கிருமியும் இருந்தது. 2005ம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வாரன், மார்ஷல் இருவருக்கும் வழங்கப்பட்டது. இந்தக் கிருமிக்கு இன்று வழங்கும் பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி.

அமிலத்தில் எப்படி வாழ்கிறது?

நமது இரைப்பையில் ஊறும் அமிலம் மிகவும் கடுமையானது. அது இரைப்பையையே தின்றுவிடாதபடி, உட்சுவரின் மேல் பசை போன்ற ஒரு சளிப்படலம் போர்வையாக மூடியிருக்கிறது. இந்தக் கிருமிக்கு வால் போன்ற இழைகள் உண்டு; உடலும் திருகுபோல் வளைந்தது. ஆகவே அது பசையைத் துளைத்துக்கொண்டு போய், போர்வைக்கு அடியில் பதுங்கிவிடுகிறது. அத்துடன், வயிற்றிலுள்ள யூரியா என்னும் பொருளை உடைத்து அம்மோனியாவை உண்டாக்கித் தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தின் கடுமையைத் தணித்துக்கொள்கிறது. கொளுத்தும் வெயிலில் குடை பிடித்து நடப்பது போலத்தான் இது.

நம் உடம்பின் காவற்படையாகிய வெள்ளை அணுக்கள் இந்த அந்நியனை எதிர்த்து அங்கே வந்து குவிகின்றன. ஆனால் போர்வைக்கடியில் இருப்பவனை அவற்றால் விரட்ட முடிவதில்லை. சண்டை ஓயாமல் நடக்கிறது; சண்டை நடக்கும் நிலமோ நம் இரைப்பை. நாட்பட்ட அழற்சி என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். மருந்து கொடுத்து விரட்டாவிட்டால், சிறு வயதில் குடிபுகுந்த கிருமி பெரும்பாலும் ஆயுள் முழுவதும் தங்கிவிடும்.

உட்சுவர் மாறும் படிகள்

கொலம்பியா நாட்டைச் சேர்ந்த பெலாயோ கொரேயா என்ற டாக்டர் இரைப்பைப் புற்றுநோயை ஆராய்ந்தார். அது திடீரென்று வருவதில்லை, படிப்படியாகவே வருகிறது என்று 1975லேயே அவர் ஒரு விளக்கம் தந்தார். அப்போது இந்தக் கிருமியை யாரும் அறியார். பின்னாளில் கிருமி கண்டுபிடிக்கப்பட்டபோது, அந்தப் படிகளில் முதற்படிக்குக் காரணம் பெரும்பாலும் இதுவே என்று தெரியவந்தது.

முதற்படி, நாட்பட்ட அழற்சி. இரண்டாம் படியில் அமிலத்தையும் செரிமான நீரையும் சுரக்கும் சுரப்பிகள் மெல்ல மெல்ல அழிந்து உட்சுவர் மெலிந்துபோகிறது. மூன்றாம் படியில், அழிந்த இடத்தில் இரைப்பைக்குரிய அணுக்கள் முளைக்காமல் குடலுக்குரிய அணுக்களைப் போன்றவை முளைக்கின்றன. நான்காம் படியில் அந்த அணுக்களின் உருவமும் ஒழுங்கும் கெடுகின்றன. ஐந்தாம் படியே புற்றுநோய். முதற்படியிலிருந்து கடைசிப் படிவரை செல்ல வழக்கமாகப் பல பத்தாண்டுகள் ஆகும். பெரும்பாலோர் நடுவழியிலேயே நின்றுவிடுகிறார்கள். ஒரு சிலரே கடைசிவரை போகிறார்கள்.

கிரியான் வட்டாரத்தில் வயலைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளங்கிக்கொள்வது சுலபம். கடலோரத்துக் கரை உடைந்து உப்புத்தண்ணீர் வயலில் ஏறினால் முதலில் பயிர் வாடும். அப்போதே உடைப்பை அடைத்து நல்ல தண்ணீர் விட்டால் வயல் தேறிவிடும். கவனியாமல் விட்டால் பயிர் செத்து, அந்த இடத்தில் கோரை முளைக்கும். அதன்பின் உடைப்பை அடைத்தாலும் மேற்கொண்டு நாசம் வராதே தவிர, வேரூன்றிய கோரை தானாகப் போய்விடாது. இரைப்பையும் அப்படித்தான். அழற்சி என்ற படியில் கிருமியை விரட்டினால் உட்சுவர் ஆறிவிடும். சுரப்பி அழிந்து குடல் அணு முளைத்த பிறகு விரட்டினாலும் பலன் உண்டு. ஆனால் முளைத்தது எளிதில் மறையாது. அதை டாக்டர் அவ்வப்போது குழாய் விட்டுக் கவனித்து வரவேண்டி நேரலாம்.

சீனாவின் ஃபூஜியான் மாகாணத்தில் நடந்த ஓர் ஆராய்ச்சி 2004ல் வெளிவந்தது. நம் நாட்டு ஹொக்கியன் மக்களின் பூர்வீகம் அந்த மாகாணமே. அங்கே கிருமியுள்ள 1,630 பேரை இரு கூறாக்கினார்கள். ஒரு கூறுக்குக் கிருமியை விரட்டும் மருந்தும், மறு கூறுக்கு வெறும் மாத்திரையும் கொடுத்து ஏழரை ஆண்டுகள் கவனித்து வந்தார்கள். உட்சுவர் மாறத் தொடங்காத நிலையில் மருந்து உண்டவர்களில் ஒருவருக்கும் புற்றுநோய் வரவில்லை. அதே நிலையில் வெறும் மாத்திரை உண்டவர்களில் 6 பேருக்கு வந்தது. ஏற்கெனவே மாறுதல் கண்டிருந்தவர்களிடமோ அந்த ஏழரை ஆண்டுக்குள் இவ்வளவு தெளிவான பலன் தெரியவில்லை. காலத்தில் செய்வதே சிறந்தது என்பது இதனால் விளங்கும்.

அஞ்சவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்

உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1994லேயே இந்தக் கிருமியைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் வரிசையில் சேர்த்துவிட்டது. இதைக் கேட்டுப் பதறுவோர் இன்னொன்றையும் கேட்க வேண்டும். உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இந்தக் கிருமியைச் சுமக்கிறார்கள். அவர்களில் மிகப் பலருக்கு ஆயுள் முழுவதும் ஒரு தொந்தரவும் தெரிவதில்லை. நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேருக்கு எப்போதாவது புண் வரக்கூடும். புற்றுநோய் வருவோர் நூற்றுக்கு ஒருவர் முதல் மூவர் வரை.

ஜப்பானில் 1,526 நோயாளிகளைச் சராசரி 7.8 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, அதன் முடிவை 2001ல் வெளியிட்டார்கள். கிருமியுள்ள 1,246 பேரில் 36 பேருக்கு இரைப்பைப் புற்றுநோய் கண்டது. கிருமியில்லாத 280 பேரில் ஒருவருக்கும் இல்லை. இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். கிருமியுள்ளவர்களில் பெரும்பாலோர் தப்புகிறார்கள். ஆனால் இந்தப் புற்றுநோய் வந்தவர்களைப் பார்த்தால் அநேகமாகக் கிருமி இருந்தவர்களே.

நம் நாட்டுக் கணக்கு

மலாயாப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் கோ கியான் லீயும் பேராசிரியர் பராசக்தியும் இரண்டாயிரத்துக்கும் அதிகமானோரின் இரத்தத்தைச் சோதித்து 2001ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். இந்தியரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இந்தக் கிருமியின் அடையாளம் இருந்தது. சீனரில் இடத்துக்கு இடம் நூற்றுக்குச் சுமார் 27 முதல் 57 வரை. மலாய்க்காரரில் சுமார் 12 முதல் 29 வரை. கிளந்தான் பக்கத்தில் நடந்து 1994ல் வெளிவந்த ஆராய்ச்சியிலோ, நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவாகவே கிருமி காணப்பட்டது. உலகிலேயே மிகக் குறைந்த கணக்குகளில் இது ஒன்று. அங்கே இரைப்பைப் புண்ணும் இரைப்பைப் புற்றுநோயும் அபூர்வம்.

கிருமியின் பிறப்பு வழியை ஆராய்ந்து 2009ல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சியும் உண்டு. நம் நாட்டு மலாய்க்காரரிடம் கண்ட கிருமி பெரும்பாலும் இந்தியரிடமுள்ள கிருமியின் இனத்தைச் சேர்ந்தது என்றும், அது அவர்களுக்கு அண்மைக் காலத்தில்தான் வந்து சேர்ந்தது என்றும் அது கூறுகிறது. நம் முன்னோர் கப்பலேறி வந்தபோது மூட்டை முடிச்சோடு இதுவும் கூடவே வந்திருக்கிறது. இதில் எவரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை. அடையாளக் கார்டில் நம்மில் சிலர் இந்தியர் என்றும் சிலர் மலாய்க்காரர் என்றும் பதிவாகியிருக்கிறோம். கிருமி கார்டைப் பார்த்து வருவதில்லை. குடும்பத்தைப் பார்த்தே வருகிறது.

இங்கே வியப்பான சங்கதி ஒன்று. கிருமி இந்தியரிடம் அதிகம் இருந்தும், இரைப்பைப் புற்றுநோய் நம் நாட்டில் சீனரிடமே அதிகம். இந்தியர் அதற்கு அடுத்தபடி. மலாய்க்காரரிடம் மிகக் குறைவு. கிருமியில் பல வகைகள் உண்டு. கிழக்காசிய வகை கடுமை மிக்கது. உப்பிட்டுப் பதப்படுத்திய உணவு, புகை பிடித்தல், பரம்பரை ஆகியவையும் சேர்ந்து வேலை செய்கின்றன. அதனால் நமக்குப் பயமில்லை என்று எண்ணிவிடலாகாது. புண்ணும் இரத்தக் கசிவும் எல்லா இனத்தாருக்கும் வருபவை.

எப்படிப் பரவுகிறது?

பெரும்பாலும் சிறு வயதில், வீட்டுக்குள்ளேயே, வாய்வழியாகப் பரவுகிறது. வாந்தி, மலம், அவற்றால் கெட்ட தண்ணீர் ஆகியவை அதன் வழிகள். நெருக்கமான வீட்டில் பலர் சேர்ந்து வாழ்வதும், சுத்தமான தண்ணீர் இல்லாமையும் அதற்குத் துணை. ஒரே அறையில் பல பிள்ளைகள் படுத்து வளர்ந்த அந்தக் காலத்து லயத்து வீடுகளையும் கடை மாடிகளையும் நினைத்துப் பார்த்தால், பெரியவர்களிடம் இது அதிகமாக இருப்பதன் காரணம் விளங்கும். மலம் கழித்த பின்னும் சமைக்குமுன்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுதல், கொதித்த தண்ணீரைக் குடித்தல், தாய்மார் தாம் மென்றதைப் பிள்ளை வாயில் ஊட்டாதிருத்தல் ஆகியவை போதும். ஒரே தாலத்தில் சேர்ந்து உண்ணும் நம் வழக்கத்தைக் கண்டு யாரும் மிரள வேண்டாம். கையைச் சுத்தமாக வைத்துக்கொள்வதே முக்கியம்.

பரிசோதனை

கிருமி உண்டா இல்லையா என்று அறிய எல்லாருக்கும் வயிற்றில் குழாய் விட வேண்டியதில்லை. மூச்சுப் பரிசோதனை என்று ஒன்று உண்டு. அடையாளமிட்ட யூரியாவைக் குடிக்கக் கொடுத்து, சிறிது நேரம் கழித்து மூச்சை ஒரு பையில் ஊதச் சொல்வார்கள். கிருமி இருந்தால் அது யூரியாவை உடைத்துவிடும். அந்த அடையாளம் மூச்சில் வெளிப்படும். மலத்தைச் சோதித்தும் அறியலாம். இரத்தப் பரிசோதனை முன்பு இருந்த கிருமியையும் காட்டும். ஆகவே விரட்டிய பின் போய்விட்டதா என்று அறிய அது உதவாது.

முக்கியமான ஒன்று. அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் போன்ற மாத்திரைகளை இரண்டு வாரத்துக்கும், கிருமிக்கொல்லி மாத்திரைகளை நான்கு வாரத்துக்கும் முன்பே நிறுத்தியிருந்தால்தான் மூச்சு, மலப் பரிசோதனைகள் சரியாகக் காட்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லையென்று வரக்கூடும். எதை நிறுத்தலாம், எதை நிறுத்தக்கூடாது என்பதை டாக்டரைக் கேட்டே செய்ய வேண்டும்.

வயது கூடியவர்களுக்கும் அபாயக் குறி உள்ளவர்களுக்கும் எண்டோஸ்கோப்பி என்ற குழாய்ப் பரிசோதனை அவசியம். உட்சுவர் எந்தப் படியில் இருக்கிறது என்பதை அதில் எடுக்கும் துணுக்குத்தான் சொல்லும். முதலில் நம் ஊர் கிளினிக்கில் காட்டினால், தேவைக்கு ஏற்பத் தைப்பிங் அல்லது ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள்.

சிகிச்சை

ஒரு மாத்திரையால் இந்தக் கிருமி சாகாது. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையோடு இரண்டு அல்லது மூன்று வகைக் கிருமிக்கொல்லிகளைச் சேர்த்து, பெரும்பாலும் 14 நாட்கள் கொடுப்பார்கள். சிலருக்குப் பிஸ்மத் என்ற மருந்தும் சேரும். அதனால் மலம் கறுத்தால் பயப்பட வேண்டாம். வாயில் கசப்பும் வயிற்றோட்டமும் சிலருக்குக் காணும். பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

எரிச்சல் நின்றுவிட்டது என்று ஐந்தாம் நாளில் நிறுத்துவது பெரும் தவறு. பாதி செத்து மீதி பிழைத்த கிருமி அந்த மருந்துக்கு அடங்காததாகிவிடும். அடுத்த தடவை வைத்தியம் கடினமாகும். ஒருவருக்குக் கொடுத்த மாத்திரையில் மிச்சத்தை இன்னொருவர் சாப்பிடுவதும் அப்படியே. மருந்து முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்து, மறுபடியும் மூச்சு அல்லது மலப் பரிசோதனை செய்து கிருமி போய்விட்டதா என்று பார்ப்பது அவசியம்.

நோன்பு மாதம் நெருங்கினால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். நாளுக்கு இரண்டு வேளை மருந்தானால் ஸஹருக்கும் நோன்பு திறப்புக்கும் பொருத்தித் தரக்கூடும். நான்கு வேளை மருந்தானால், அவசரமில்லாத நிலையில் பெருநாள் கழித்துத் தொடங்கலாமா என்று கேளுங்கள். நாமாக வேளையைக் குறைத்துக்கொள்வது கூடாது.

தாய், தகப்பன், உடன்பிறந்தார் எவருக்கேனும் இரைப்பைப் புற்றுநோய் வந்திருந்தால், எரிச்சலே இல்லாவிட்டாலும் சோதித்துக்கொள்ள வேண்டும். கொரியாவில் அத்தகைய குடும்பத்தாரிடம் நடத்தி 2020ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், கிருமியை விரட்டும் மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 1.2 பேருக்கும், பெறாதவர்களில் 2.7 பேருக்கும் அந்நோய் கண்டது. தைவானைச் சேர்ந்த மாட்சு தீவுகளில் 2004 முதல் ஊரார் அனைவரையும் சோதித்துக் கிருமியுள்ளவர்களுக்கு வைத்தியம் செய்து வந்தார்கள். அங்கே இரைப்பைப் புற்றுநோய் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிட்டதென்று 2021ல் அறிவித்தார்கள்.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

இரத்த வாந்தி, தார்போல் கறுத்த மலம், காரணமில்லாமல் உடம்பு மெலிதல், விழுங்க முடியாமை, ஓயாத வாந்தி, இரத்தச் சோகை ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் பொட்டலம் தேடிக் கடைக்கு வரவேண்டாம். நேரே டாக்டரிடம் போங்கள். இரத்த வாந்தியோ கறுத்த மலமோ கண்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். மூட்டுவலிக்காக நாள்தோறும் வலி மாத்திரை தின்கிறவர்களுக்கும் ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்களுக்கும் புண் அபாயம் அதிகம். கிருமியும் சேர்ந்தால் இன்னும் அதிகம். ஆனால் இருதயத்துக்காக டாக்டர் கொடுத்த ஆஸ்பிரினைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது.

சகோதரர்களே, எரிச்சல் என்பது உடம்பு கொடுக்கும் தகவல். தகவல் கொண்டு வருபவன் வாயை அடைத்துவிட்டால் சேதி இல்லையென்று ஆகிவிடாது. அடிக்கடி பொட்டலம் தேவைப்படுகிறவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவரை ஒரு தடவை கிளினிக்குக்கு அழைத்துப்போய், "இந்தக் கிருமி உண்டா என்று பார்க்க வேண்டுமா?" என்று டாக்டரிடம் கேளுங்கள். கிருமி இல்லையென்றால் நிம்மதி. இருந்தால், பதினான்கு நாள் மருந்தால் பல ஆண்டுச் சேதத்தைத் தடுத்துவிடக்கூடும்.

வஸ்ஸலாம்.